பிடித்த காசில் எழுந்த ஆஸ்பத்திரிகள்

கொங்குப் பக்கம் அரசாங்கத்தைத் திட்டுவதற்கு ஆள் பஞ்சமில்லை. கேள்வி கேட்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முதலமைச்சரையும் பிரதமரையும் ஒரு வாங்கு வாங்கிவிட்டு, எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். தண்ணி வரவில்லையா, ஆயிரம் அடிக்கு போர் போடு. பள்ளிக்கூடம் சரியில்லையா, வேன் வருகிற மெட்ரிக்கில் சேர்த்துவிடு. நெஞ்சு வலிக்கிறதா, அவிநாசி ரோட்டைப் பிடித்துக் கோயமுத்தூர் போய்ச் சேர். "நம்ம பாட்ட நாமதானுங்க பாக்கோணும்" என்பதை இங்கே யாரும் சலித்துக்கொண்டு சொல்வதில்லை. பெருமையாகவே சொல்வார்கள்.

அந்தப் பெருமை 2021 மே மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்சுக்குள், ஆக்சிஜன் சிலிண்டரோடு காத்துக் கிடந்தது.

தேதிகளை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். மாநிலத்தில் கொரோனாத் தொற்று உச்சம் தொட்டது மே 21-ம் தேதி. அன்று ஒரே நாளில் 36,184 பேர். அடுத்த வாரம் சென்னை இறங்கியது, கோவை ஏறியது. அந்த மாதக் கடைசி வாரத்தில் தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையைத் தாண்டி 4,000-க்கும் மேல் போனது. 2011 கணக்கெடுப்புப்படி கோவை மாவட்டத்தில் 35 லட்சம் பேர்கூட இல்லை. சென்னையில் 46 லட்சத்துக்கும் மேல். ஜூன் 7-ம் தேதி மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் ஊரடங்கைத் தளர்த்தியபோது, 11 மாவட்டங்களுக்கு மட்டும் பிடியை விடவில்லை. அதில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி என்று நம் பக்கத்து மாவட்டங்களே ஏழு. மீதி நான்கும் டெல்டா.

அப்போது இதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கம்பெனிகள் ஓடியதால் பரவியது என்றார்கள். அதில் உண்மை உண்டு. மே 10-ல் முழு ஊரடங்கு போட்டபோதும் தொடர்ந்து இயங்க வேண்டிய ஆலைகளுக்கு விலக்கு இருந்தது. விலக்கு இல்லாத இடங்களிலும், முன்பக்க ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்வாசல் வழியாக ஆள் எடுத்த கம்பெனிகள் எங்கள் ஊரைச் சுற்றியே இருந்தன. ஆர்டர் கையில் இருக்கிறது, கப்பலுக்குத் தேதி போய்விடும் என்பார் முதலாளி. சனிக்கிழமை சம்பளம் வராவிட்டால் வீட்டு வாடகை கொடுக்க முடியாது என்பார் டெய்லர். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படும். இந்த நியாயங்களுக்கு நடுவில் வந்து நிற்க வேண்டியது அரசாங்கம். நிவாரணமாக அரிசி அட்டைக்கு 4,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். திருப்பூரில் ஒற்றை அறைக்கு வாடகை என்ன என்று தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. வடமாநிலத் தொழிலாளிகளுக்கு இங்கே அட்டையே கிடையாது.

ஆனால் எனக்குப் பரவலைவிடப் படுக்கைதான் கேள்வி. நோய் எங்கும் பரவும். படுக்கை நாமாகப் போட்டால்தான் இருக்கும்.

கொங்கு மண்டலத்தைக் கொரோனாவின் அந்த இரண்டு வருடமும் தாங்கிப் பிடித்த அரசு ஆஸ்பத்திரிகளை எண்ணிப் பாருங்கள். கோவையில் 1966-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் பெரியாஸ்பத்திரி. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி. இந்த இரண்டையும் விட்டுவிட்டால், முழுக்க கொரோனாவுக்கென்றே ஒதுக்கப்பட்டுப் பெயர் வாங்கியவை கோவை சிங்காநல்லூரில் இருக்கிற ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரியும் பெருந்துறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும்தான். 2020 மார்ச்சில் ஈரோட்டுக்கு வந்த தாய்லாந்துக்காரர்களுக்குத் தொற்று என்று தெரிந்தபோதே பெருந்துறை ஊர் வாயில் அடிபட ஆரம்பித்துவிட்டது.

இந்த இரண்டு ஆஸ்பத்திரிகளும் எப்படி வந்தன?

பெருந்துறை மருத்துவக் கல்லூரியை 1992-ல் தொடங்கியது சாலைப் போக்குவரத்து நிறுவனம். ஐ.ஆர்.டி. என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். அரசு பஸ் ஓட்டிய டிரைவர், கண்டக்டர், டிப்போ மெக்கானிக் சம்பளத்தில் பிடித்த காசு அதில் இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கென்று அங்கே இடஒதுக்கீடும் இருந்தது. அதை அரசு முழுசாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது ரொம்பப் பிற்பாடு. சிங்காநல்லூர் கதையும் கிட்டத்தட்ட அதேதான். தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததே கோவையில்தான், 1955 ஜனவரியில், மில் தொழிலாளிகளுக்காக. தொழிலாளி கொடுப்பது ஒரு பங்கு, முதலாளி கொடுப்பது ஒரு பங்கு. 2019 ஜூலையிலிருந்து அது சம்பளத்தில் 0.75 சதவீதமும் 3.25 சதவீதமும். அதாவது 15,000 ரூபாய் வாங்குகிற ஒரு செக்கிங் பெண்ணின் பெயரில் மாதாமாதம் 600 ரூபாய் போகிறது. அப்படிச் சேர்ந்த பணத்தில் ஈ.எஸ்.ஐ. கழகம் கட்டியெழுப்பிய கல்லூரிதான் மாநில அரசின் கைக்கு வந்து 2016-ல் திறக்கப்பட்டது.

ஆக, கொள்ளைநோய் வந்தபோது நம்மைத் தாங்கிய நான்கில் இரண்டு, அரசாங்கம் தானாக நினைத்துக் கொடுத்தவை இல்லை. பஸ் தொழிலாளியும் மில் தொழிலாளியும் ஏற்கெனவே காசு கொடுத்து வைத்திருந்தவை. அதிலும் ஈ.எஸ்.ஐ.யை முழுக்க கொரோனாவுக்கு ஒதுக்கிய பிறகு, வழக்கமாக டயாலிசிசுக்கும் பிரசவத்துக்கும் அங்கே போய்க்கொண்டிருந்த தொழிலாளி வேறு இடம் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆபத்துக்குப் பாவமில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் அவர்களுக்கு அதற்கு ஒரு நன்றிகூட யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் தனி மாவட்டமானது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த ஊருடையது. அந்த 2021 மே மாதத்தில் திருப்பூருக்குச் சொந்தமாக இயங்குகிற ஒரு மருத்துவக் கல்லூரி கிடையாது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு 2019 பிப்ரவரியில் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். நூறு படுக்கை என்றார்கள். இரண்டு வருடம் கழித்துக் கொரோனா வந்து கழுத்தைப் பிடித்தபோது அது திறந்திருக்கவில்லை. மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரி 12-ல், நாமக்கல், நீலகிரி உட்பட மற்ற பத்துக் கல்லூரிகளோடு சேர்த்து. அனுமதி வாங்கியது முந்தைய ஆட்சி, திறந்தது அடுத்து வந்த ஆட்சி என்று இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடினார்கள். கொண்டாடட்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது எட்டு மாதம் முன்பு.

இதில் கட்சி பார்த்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பார்க்கிறவர்கள் இரண்டு கட்சியையும் சேர்த்துப் பார்க்கட்டும். 2017-லிருந்து 2021 மே வரை முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் எடப்பாடிக்காரர். உள்ளாட்சித் துறை அமைச்சர் கோவைக்காரர். நாலு வருடம் அதிகாரம் நம் வீட்டு முற்றத்திலேயே இருந்தது. மேம்பாலங்கள் வந்தன. பிறகு தேர்தல் வந்தது. மார்ச் தொடக்கத்தில் மாநிலத்தில் ஒரு நாளைக்கு 500 பேரை ஒட்டி இருந்த தொற்று, ஓட்டு எண்ணிய மே 2-ம் தேதி 20,000-ஐத் தாண்டியிருந்தது. நடுவில் பொதுக்கூட்டம், பிரசாரம், ஆரத்தித் தட்டு. ஏப்ரல் 26-ல் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைப் பிடித்து உலுக்கியது. கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்குக் கோபம். ஏப்ரல் 6-ல் ஓட்டுப் போட்டோம், மே 7-ல் புது அரசு பதவியேற்றது. இடைப்பட்ட ஒரு மாதம் யார் பொறுப்பு என்று கேட்டால் இன்றுவரை ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுகிறார்கள்.

புது முதல்வர் மே 30-ல் கோவை வந்தார். கவச உடை போட்டுக்கொண்டு ஈ.எஸ்.ஐ. வார்டுக்குள்ளேயே போனார். அன்றைக்கு அவருக்கு எதிராக ட்விட்டரில் ஹேஷ்டேக் ஓட்டியவர்களும் உண்டு. கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் எதிரணிக்குப் போனதால்தான் தடுப்பூசியில் ஓரவஞ்சனை என்று குற்றச்சாட்டு. அப்படிப் பாகுபாடு பார்ப்பதில்லை என்று அவர் பதில். வார்டுக்குள் போனதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உள்ளே வேலை பார்த்த நர்சுகளுக்கு அது தெம்பாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வாரமும் ஊரில் பேச்செல்லாம் அந்தக் கவச உடையைப் பற்றித்தான். திருப்பூரில் வென்டிலேட்டர் எத்தனை, அதை இயக்கத் தெரிந்த டாக்டர் எத்தனை பேர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் நம் சுபாவம்.

ரெம்டெசிவிர் கதையை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த மருந்து உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. (பின்னால், 2022-ல், தீவிரமாகாத, ஆனால் ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டார்கள், அது வேறு விஷயம்.) நம் தனியார் ஆஸ்பத்திரிகளோ சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, "வெளிய வாங்கிட்டு வாங்க" என்றன. சொந்தபந்தம் எல்லாம் தெருவில் அலைந்தது. அரசு என்ன செய்திருக்க வேண்டும்? இப்படி எழுதிக் கொடுக்காதே என்று ஆஸ்பத்திரியைப் பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக கவுன்ட்டர் திறந்தார்கள். முதலில் சென்னை கீழ்ப்பாக்கத்தில், அப்புறம் கோவை, சேலம் மாதிரி மற்ற ஊர்களிலும். ஆதார் நகல், ஸ்கேன் ரிப்போர்ட், டாக்டர் சீட்டு எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியைத் தொட்டுவிட்டு வந்த ஆட்கள் தோளோடு தோள் உரசி வெயிலில் நின்றார்கள். ஊரடங்கு நடக்கிற ஊரில் அரசே கூட்டிய கூட்டம் அது. மே நடுவில் அதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிகளுக்கே நேராகக் கொடுக்கிறோம் என்றார்கள். முதல் நாளே செய்திருக்கக்கூடிய காரியம்.

அந்த வரிசையில் நானும் நின்றேன். என் மாமாவுக்காக.

அம்மாவின் தம்பி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000-க்குள்தான், பல வருடமாகப் பிடித்தம் போய்க்கொண்டிருந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடையாது. அப்போது அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் 6,000 ரூபாயில் குடும்பம் நடத்துகிறவருக்குத்தான் அட்டை என்றால் திருப்பூரில் அது யாருக்கு? பின்னால் 1,20,000 ஆக்கினார்கள். காய்ச்சல் வந்து மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சளிப் பரிசோதனை எடுத்தோம். நெகட்டிவ். சிடி ஸ்கேனில் நுரையீரல் பாதி வெளுத்திருந்தது. 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போட்டோம், தெரிந்த அரசியல்வாதிகளுக்கெல்லாம் போன் போட்டோம், எங்கும் இடமில்லை. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அட்வான்ஸ் கட்டினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. அத்தை தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையை எல்லாம் அடகு வைத்தாள்.

"மாப்ள, நான் கெவுர்மெண்டு ஆசுபத்திரிக்கே போயிக்கறேன், இங்க வேண்டாஞ் சாமி" என்று மாமா போனில் சொன்னார். பில் பற்றி நர்ஸ் பேசியது காதில் விழுந்திருக்கிறது. அப்புறம் வென்டிலேட்டர் வைத்தார்கள். அப்புறம் பேச்சில்லை.

நான் சொல்ல வந்தது அந்தச் சாவை இல்லை, அதற்குப் பிறகு கையில் கொடுத்த காகிதங்களை. பில்லில் கவச உடைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் இருந்தது. கொரோனா வார்டு கட்டணம் இருந்தது. கிருமிநாசினி தெளித்ததற்கு இருந்தது. உடலை எங்களிடம் கொடுக்காமல் ஜிப் பையில் சுற்றி நேராக மின்மயானத்துக்கு அனுப்பினார்கள்; துக்கம் கேட்க ஒரு ஒறம்பரை வர முடியவில்லை. ஆனால் இறப்புச் சுருக்கத்தில் கொரோனா என்ற சொல்லே இல்லை. வைரல் நிமோனியா, இதயச் செயலிழப்பு. பில் போடும்போது கொரோனா, செத்த பிறகு வேறு என்னமோ.

தனியார் ஆஸ்பத்திரி அப்படி எழுதியதற்கு அரசு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அரசுக் கணக்கே அப்படித்தானே ஓடியது? 2020 ஜூலையில் சென்னையில் விட்டுப்போன 444 சாவுகளை ஒரே நாளில் கணக்கில் சேர்த்தார்கள். விட்டுப்போனது எப்படி என்று யாரும் பதில் சொல்லிப் பதவி இழந்ததாக நினைவில்லை. பரிசோதனையில் பாசிட்டிவ் வந்து செத்தால்தான் கணக்கு. நுரையீரலே சாட்சி சொன்னாலும் கணக்கில்லை. நாட்டளவில் பார்த்தாலும் அதே கதைதான். இந்தியாவின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஐந்து லட்சத்தை ஒட்டி நிற்க, உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு கூடுதல் சாவு 47 லட்சம் என்றது. மத்திய அரசு அந்தக் கணக்கீட்டு முறையே தப்பு என்று சண்டைக்குப் போனது. 2025-ல் அதே அரசின் பிறப்பு இறப்புப் பதிவேடு வெளிவந்தது. 2021-ல் பதிவான சாவு ஒரு கோடியே இரண்டு லட்சம். அதற்கு முந்தைய ஆண்டைவிட சுமார் 21 லட்சம் அதிகம். அந்த அதிகம் முழுக்க கொரோனா என்று நான் சொல்லவில்லை. பதிவு செய்கிற பழக்கம் கூடியிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கள் கணக்கு சரி என்று எப்படிச் சொன்னார்கள்?

இது வெறும் எண் சண்டை என்றால் நானும் விட்டிருப்பேன். காகிதத்தில் கொரோனா என்று இருந்தால்தான் இழப்பீடு. 2021 ஜூன் தொடக்கத்தில் ஈ.எஸ்.ஐ. ஒரு திட்டம் அறிவித்தது: கொரோனாவில் செத்த தொழிலாளியின் சராசரிக் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷன். நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன். தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைக்கு ஐந்து லட்சம் வைப்பு என்று மாநில அரசு அறிவித்ததும் நல்ல திட்டம். ஆனால் எல்லாவற்றுக்கும் வாசலில் அந்த ஒரு சொல் காவல் நிற்கிறது. கம்பெனி முதலாளி வீட்டுக்கு அது வெறும் காகிதம். கட்டிங் மாஸ்டர் பெண்டாட்டிக்கு அதுதான் மிச்ச ஆயுசுக்கான சோறு.

தமிழ்நாட்டைப் பற்றி இப்படி எழுதும்போது, வடக்கே பார்க்கச் சொல்லிச் சிலர் கோபித்துக்கொள்வார்கள். பார்த்தேன். கங்கையில் பிணங்கள் மிதந்ததையும் பார்த்தேன். 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாநிலம் இது. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் வைத்திருப்பதும், மருந்து வாங்கத் தனிக் கழகம் வைத்து மற்ற மாநிலங்களுக்கு வழி காட்டியதும் நாம்தான். தடுப்பூசி தயாரிக்கிற பாஸ்டர் நிறுவனம் குன்னூரில் 1907-லிருந்து இருக்கிறது. செங்கல்பட்டில் நூற்றுக்கணக்கான கோடியில் தடுப்பூசித் தொழிற்சாலை கட்டிச் சும்மா போட்டிருந்தார்கள். இத்தனையும் வைத்துக்கொண்டு, 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு ஊசியை மாநிலமே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்று மத்திய அரசு கைகழுவியபோது, உலக டெண்டர் போட்டுக் காத்திருந்தோம். உச்ச நீதிமன்றம் குட்டிய பிறகுதான் ஜூன் 7-ல் அந்தக் கொள்கை மாறியது. இருப்பதை வைத்துத்தான் நான் அளக்கிறேன். இல்லாத ஊரோடு ஒப்பிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ள முடியவில்லை.

கோவையில் பழைய தெருக்களில் நடந்தால் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் இருக்கின்றன. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் திரும்பத் திரும்ப வந்து ஊரைக் காலி செய்தது. மக்கள் கோயில் கட்டினார்கள்; அதே தலைமுறையில் நகரசபை சிறுவாணித் தண்ணீரையும் கொண்டுவந்தது. 2021-ல் இருகூரில் ஒரு மடத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். சிலை வைத்ததில் எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. சிறுவாணிக்கு ஈடாக நம் தலைமுறை என்ன கேட்டு வாங்கியது என்பதுதான் தெரியவில்லை.

பங்காளி ஒருத்தனிடம் இதையெல்லாம் சொன்னேன். "கேட்டு என்ன ஆகப்போவுது, வுடு" என்றான். கேட்டதால்தான் ஏதாவது ஆனது என்று அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. கொரோனாவில் செத்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு கொடு என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் தனிப்பட்ட வழக்கறிஞர்கள். நாலு லட்சம் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்றது மத்திய அரசு. 2021 ஜூன் 30-ல் நீதிமன்றம், தொகையை நீங்களே முடிவு செய்யுங்கள், கொடுக்காமல் இருக்க முடியாது என்றது. அப்படித்தான் 50,000 வந்தது. நோய் உறுதியாகி 30 நாளுக்குள் செத்தால் கொரோனாச் சாவு, பரிசோதனை இல்லாமல் டாக்டர் கண்டறிந்திருந்தாலும் செல்லும், சான்றிதழில் தகராறு என்றால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்ற விதிகளும் அதைத் தொட்டு வந்தவைதான்.

அத்தை அந்தக் குழுவுக்கு மனுப் போட்டாள். ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்தோம். அதோடு பில்லையும் வைத்தோம். கவச உடைக்குக் காசு வாங்கிய வரிகளுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டது நான்தான். 50,000 கிடைத்தது. அடகில் இருந்த நகைக்கு வட்டி கட்டவே அது சரியாகிவிட்டது. பென்ஷனுக்கு ஆஸ்பத்திரியிடமிருந்து திருத்திய இறப்புச் சுருக்கம் வேண்டும். பழைய ஃபைல் எல்லாம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது, அந்த டாக்டரும் இப்போது இங்கே இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் வைக்கச் சொல்லி வாங்கி வந்திருக்கிறோம்.